சவேரியார் வலப்பக்கம் திரும்பிய நாள்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு பக்கக் கட்டுரையாகத்தான் என்னிடம் வந்தது.

எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கு ஃபாதர் ஜெஸ்டின் நான்கு கட்டுரைகள் திட்டமிட்டிருந்தார். கிறிஸ்தவ அறநெறியில் தலையான புண்ணியங்கள் நான்கு: விவேகம், நீதி, துணிவு, அளவுடைமை. மலர்க்குழுக் கூட்டத்தில் நீதியை ஒரு சட்டத்தரணி எடுத்துக்கொண்டார். துணிவு, பொலிஸில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்குப் போனது. அளவுடைமையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் பேக்கரி வைத்திருக்கிறார். அவர் கடை பட்டர் கேக்கைத் தின்றவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை விளங்கும். மிஞ்சியது விவேகம். கூட்டத்துக்கு வராதவர்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஜீவராணி, நீங்க வராம இருந்துட்டீங்க பாருங்க, அதுதான் விவேகம். அதனால உங்களுக்கே தந்துட்டோம்" என்றார் ஃபாதர், தொலைபேசியில்.

நான் பதுளையில் ஓர் அலுவலகத்தில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குகிறவள். ஒரு சொல்லைக் கொடுத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன். திருப்பிப் பார்த்ததில் முதல் இடி விழுந்தது. சிங்களத்தில் 'விவேகய' என்றால் ஓய்வு. எங்கள் அலுவலகத்தில் தினமும் தேநீர் வேளையில் எல்லோரும் விவேகத்தில்தான் இருப்பார்கள். பக்கத்து மேசைத் தயானியிடம், "விவேகம் பற்றி எழுதப்போறேன்" என்று சிங்களத்தில் சொன்னபோது, "நல்லது, உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்தான்" என்றாள்.

[இந்தப் பகுதியை மலருக்குக் கொடுக்கும்போது வெட்டிவிட வேண்டும். பேக்கரிக்காரர் மலருக்கு விளம்பரமும் தருகிறார்.]

2

தொடக்கங்கள். எழுதியதையும் அடித்ததையும் அப்படியே தருகிறேன்.

முதல் தொடக்கம்: 'விவேகம் எனப்படுவது யாதெனில்—'

இல்லை. 'யாதெனில்' என்று தொடங்கும் எதையும் நான் முடித்ததில்லை. வாசித்தும் முடித்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் விவேகத்தைத் தேரோட்டி என்றார்கள். நீதியும் துணிவும் அளவுடைமையும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பார்த்து ஓட்டுவது அதுவே.' இது பரவாயில்லை. ஓட்டுவது ஒன்று, ஓடுவது மூன்று. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தேர் என்று விளக்குவதைவிட த்ரீவீல் என்று விளக்கினால் உடனே பிடிபடும். நீதி, துணிவு, அளவுடைமை மூன்றும் சக்கரம். ஹேண்டிலைப் பிடித்திருப்பது விவேகம். ஃபாதருக்கு இது பிடித்திருந்தது. "ஆனா உபமானம் மட்டும் போதாது, ஒரு ஆள் வேணும். நம்ம தோட்டங்கள்லயே ஒரு விவேகியப் பிடிச்சு எழுதுங்க" என்றார்.

மூன்றாம் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது.'

மடுல்சீமைப் பக்கம் மார்கழியில் மழை பெய்துகொண்டிருந்தது என்று எழுதுவது, மலை நின்றுகொண்டிருந்தது என்று எழுதுவது போல. ஆனால் இந்தக் கதையில் மலை நின்றுகொண்டிருந்ததா என்பதே கேள்வி. அதனால் இந்த வாக்கியத்தை வைத்துக்கொள்கிறேன்.

மழை பெய்துகொண்டிருந்தது.

3

லுணுகலையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் வழியில், பஸ் ஏறாத ஒரு மேட்டில் உள்ள தோட்டத்தின் மேல் டிவிசன். தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் வாழும் ஒரு லயம், லயத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட சவேரியார் கோயில். 'விவேகி யார்?' என்று நான் கேட்ட எல்லோரும் அங்கேதான் கைகாட்டினார்கள்: "உபதேசியார் சிங்கராயரைப் போய்ப் பாருங்க."

சிங்கராயர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஃபாதர் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வதும் அவர்தான். எதையும் சட்டென்று செய்துவிட மாட்டார். பஸ் ஏறுமுன் டிரைவரிடம் பிரேக்கைப் பற்றி விசாரிப்பார். மருந்தை மருந்துக்கடைக்காரர் சொன்னபடி குடிக்காமல் இன்னொரு மருந்துக்கடையிலும் கேட்டுவிட்டுக் குடிப்பார். அதற்குள் காய்ச்சல் தானாகப் போயிருக்கும்.

தன் மகளின் ஞானஸ்நானத்தில் அவர் பட்ட பாடு அந்த டிவிசனில் இன்றும் பேசப்படுகிறது. செசிலியாவா, பிலோமினாவா? இரண்டு புனிதைகளில் எவர் மனமும் நோகக்கூடாது என்று அவர் மாதக்கணக்கில் யோசித்தார். தொட்டியருகே நின்ற அந்தக் காலத்து ஃபாதர், "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். சிங்கராயர், "அதாவது ஃபாதர்..." என்று ஆரம்பித்தார். பிள்ளை அழுதது. தண்ணீர் ஆறியது. சிங்கராயரின் மனைவி மரியகொரட்டி, "நிலக்ஷனா" என்றாள். அது பிரசவம் பார்த்த தாதியின் பெயர். அப்படி ஒரு புனிதை எந்த வானகத்திலும் இல்லை. நிலக்ஷனா இப்போது பசறையில் கல்யாணம் கட்டி நன்றாக இருக்கிறாள்.

இங்கே என் எழுத்தில் ஒரு கோளாறு தொடங்கியது. விவேகியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். பத்தியின் கடைசி வரியில் காரியத்தை முடித்தவள் வேறொருத்தி. முதல் வரைவில் மரியகொரட்டிக்கு நான் கொடுத்திருந்த வசனம் ஒன்றே ஒன்று: "டீ குடிங்க மிஸ்." அந்தத் தேநீரைக் குடித்தபடி அவள் கணவரின் விவேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து அவர் சொன்னதைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

4

சம்பவம் சவேரியார் திருநாளன்று நடந்தது.

மேல் டிவிசனில் சவேரியார் திருநாள் என்றால் லயம் முழுவதற்கும் திருநாள். வேதக்காரர் பாதி, சைவக்காரர் பாதி. பவனிக்குத் தப்பு அடிப்பது சைவக்காரர், சப்பரத்துக்குத் தோள் கொடுப்பது இரண்டு பேரும். பின்னேரம் பவனி. லயத்திலிருந்து இறங்கி, முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பி, தேயிலை ஃபெக்டரி வரை போய்த் திரும்பி வரும். பிறகு லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், சாப்பாடு. எத்தனையோ வருடமாக அதே பாதை, அதே சோறு, அதே கோழிக்கறி.

அந்த வருடம் திருநாளுக்கு முன்பே நாள் கணக்காக மழை விடவில்லை. திருநாள் காலையில் லயத்துக்கு மேலே, அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் மண் வெடித்திருந்ததைப் பார்த்தார்கள். பெரிய வெடிப்பில்லை. ஒரு கோழிக்குஞ்சின் கால் மாட்டிக்கொள்ளும் அகலம். மாட்டிக்கொண்டுதான் இருந்தது, அது கத்திய சத்தத்தில்தான் பார்த்தார்கள்.

[ஒரு பக்கக் குறிப்பு. அறநெறி நூல்கள் விவேகத்துக்கு மூன்று வேலை சொல்கின்றன: கேட்டறிவது, தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்வது. மூன்றாவதுதான் தலையானதாம். முதல் இரண்டிலேயே நின்றுவிடுகிறவன் விவேகி அல்ல என்கிறார்கள். அவனுக்கு என்ன பெயர் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பதவி உயர்வு உண்டு.]

சிங்கராயர் முதல் வேலையைச் சிறப்பாகச் செய்தார். தோட்டத்து ஆபீசுக்குப் போனார். கிளார்க் ஐயா, "தொரைகிட்டத்தான் கேக்கணும், தொரை கொழும்புக்குப் போயிருக்காரு" என்றார். கிராம சேவகருக்கு ஃபோன் எடுத்தார். "இப்ப மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பானா சொல்றேன்" என்றது மறுமுனை. ஃபாதர் ஜெஸ்டினுக்கு எடுத்தார், சிக்னல் இல்லை. பிறகு கோயில் வாசலில் கூட்டம் போட்டார்.

தொழிற்சங்கத் தலைவர் முருகையா தன் ஃபோனுக்கு வந்த அறிவித்தலை உரக்க வாசித்தார்: "மண்சரிவு அபாயமுள்ள பிரதேச மக்கள் அவதானத்துடன் இருக்கவும்." வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அவதானமா இருக்கச் சொல்றாங்க. சரி, இருக்கோம். எங்க இருக்கிறதுன்னு சொல்லலியே?"

[இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தமிழாக்குவதுதான் என் வேலை. மேலே எதுவும் சொல்வதற்கில்லை.]

"போன வருசமும் இப்படித்தான் பயம் காட்டுனாங்க" என்று முருகையா தொடர்ந்தார். "பாயச் சுருட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனோம். மலை அசையல. திரும்பி வந்து பார்த்தா பன்னி வந்து மரவள்ளி பூராவும் தோண்டியிருக்கு, என் சேவலக் காணோம். இந்த வருசம் யாரு போறதா இருந்தாலும் போங்க. நான் என் சேவலோட இருக்கேன்."

"அப்ப இருக்கிறதும் ஒரு வகையில சரிதான்" என்றார் சிங்கராயர். "போறதும் ஒரு வகையில சரி. எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் முடிவெடுக்கணும். பவனி முடியட்டும், சாப்பிட்டுட்டு யோசிப்போம்."

மரியகொரட்டி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். "போயிருவோங்க" என்று ஒரு தடவை சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டது. கூட்டம் கலைந்தது.

5

இனி மரியகொரட்டியைப் பின்தொடர்கிறேன். உபதேசியாரை விட்டு நகர்வதில் எனக்கு வருத்தம்தான். அவருக்காக நல்ல உவமைகள் சேர்த்து வைத்திருந்தேன்.

அவள் முதலில் போனது வேலாயியின் வீட்டுக்கு. வேலாயி தனியாக இருப்பவள், லயத்தின் மேல் கோடி அறை. கூட ஒரு வெள்ளாடு.

"வேலாயக்கா, கதவச் சாத்துங்க பார்ப்போம்."

"சாத்த முடியல புள்ள. நேத்து சாத்துச்சு. இன்னைக்கு நிலையில இடிக்குது. மழைக்குப் பலக ஊதியிருக்கும்."

பிறகு லயத்துக்காரர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போனாள். எப்போதும் கண்ணாடி போல் விழும் தண்ணீர் செம்மண்ணாக விழுந்தது. அவ்வளவுதான் அவள் கேட்டறிந்தது.

"அதை வெச்சு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருச்சா?" என்று பிறகு கேட்டேன். இங்கே அவள் வாயிலிருந்து ஒரு நல்ல பதில் வரும், கட்டுரைக்கு உதவும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"என்ன தெரியும் மிஸ் எனக்கு? பயமா இருந்துச்சு. அடுப்புல அண்டா இருந்துச்சு. அதத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அண்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, மலையை நகர்த்த முடியாது, ஆட்களையும் நகர்த்த முடியாது, அண்டாவை நகர்த்தலாம் என்று பட்டிருக்கிறது.

தினேசைக் கூப்பிட்டாள். த்ரீவீல் ஓட்டுபவன், திருநாளுக்காக வண்டியில் பூமாலையெல்லாம் கட்டியிருந்தான். பின் சீட்டில் சோற்று அண்டா, காலடியில் கோழிக்கறி, மடியில் கறிவேப்பிலையோடு சமையலுக்கு நின்ற ஒரு பெண். எதிர் மலையிலிருக்கும் பாடசாலைக்கு வண்டி கிளம்பியது. பாடசாலைக் காவல்காரரிடம் மண்டபத்துச் சாவியை அவள் காலையிலேயே கேட்டு வைத்திருந்தாள்.

"காவல்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இஸ்தோப்பு ஒழுகுது, ஆளுங்களுக்கு இருந்து சாப்பிட எடம் வேணும்னு சொன்னேன். ஒழுகிச்சுதானே?"

அடுத்து கோயிலுக்குப் போய் மணியடித்தாள். பின்னேரம் போக வேண்டிய பவனிக்கு மத்தியானமே மணி. சிங்கராயர் பாதிக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார்.

"என்ன கொரட்டி, இன்னும் நேரமாகலியே?"

"மழை கூடிரும் போல இருக்குங்க. இப்பவே தூக்கிருவோம்."

மழை ஏற்கெனவே கூடியிருந்தது. ஆனால் மணியடித்துவிட்டால் தப்பு அடிக்க வேண்டும், தப்பு அடித்துவிட்டால் சப்பரம் எழும்ப வேண்டும். வருடக்கணக்கான பழக்கம் ஆட்களின் தோளில் இருக்கிறது, தலையைக் கேட்பதில்லை. பொலித்தீன் உறை போட்ட சவேரியார் தோளேறினார். அரை முகம் மழித்த உபதேசியார் சிலுவையைப் பிடித்து முன்னே நடந்தார். முருகையா சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். லயமே பின்னால் இறங்கியது.

முச்சந்தி வந்தது. இடப்பக்கம் ஃபெக்டரி. வலப்பக்கம் பாலம், அதைத் தாண்டினால் பாடசாலை. சிங்கராயர் நின்றார்.

சிலுவை நின்றால் சப்பரம் நிற்க வேண்டும். சப்பரம் நின்றால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டும். பொழிகிற மழையில் ஒரு மலைப்பாதை முழுக்க ஆட்கள் நின்றார்கள்.

"என்ன உபதேசியாரே, நின்னுட்டீங்க?" என்றார் முருகையா. "சவேரியார் கனக்கிறாரு."

பெண்களுக்கு நடுவிலிருந்து மரியகொரட்டி உரக்கச் சொன்னாள்: "வலது பக்கம் திரும்புங்க! சோறு ஸ்கூல்லதான் இருக்கு!"

அடுத்து நடந்ததற்கு இரண்டு கூற்றுகள் உள்ளன. சிங்கராயர் சொன்னது: "அந்த இடத்துல நின்னு ரெண்டு பக்கத்தையும் பார்த்தேன் மிஸ். பார்த்துத்தான் வலப்பக்கம் திரும்பினேன்." மரியகொரட்டி சொன்னது: "கால் வழுக்கிருச்சு. சிலுவை வலப்பக்கம் சாஞ்சிச்சு. ஆளுங்க பின்னால போயிட்டாங்க."

கட்டுரை எழுதுகிறவளுக்கு இது பெரிய சிக்கல். திரும்பியிருந்தால் அது விவேகத்தின் மூன்றாம் வேலை. வழுக்கியிருந்தால் அது சேறு. நான் முச்சந்திக்கே போய் நின்று பார்த்தேன். வழுக்கத்தான் செய்தது. ஆனால் நான் இடப்பக்கம் வழுக்கினேன்.

எப்படியோ, சவேரியார் வலப்பக்கம் திரும்பினார். அவர் போகும் இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கு யாருக்கும் தைரியம் இல்லை, சோறும் அங்கேதான்.

6

[ஃபாதர் ஜெஸ்டின் இந்த இடம் வரை வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். அவர் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.]

"ஜீவராணி, இது விவேகமா, தந்திரமா? நல்ல முடிவுக்காகக் கோணல் வழியில போறதுக்குப் பழைய ஆசிரியர்கள் தந்திரம்னு பேர் வெச்சிருக்காங்க. விவேகத்தோட போலித் தங்கச்சி அது."

"யார்கிட்டயும் பொய் சொல்லலியே ஃபாதர். இஸ்தோப்பு ஒழுகிச்சு. மழை கூடிச்சு. சோறும் ஸ்கூல்லதான் இருந்துச்சு."

"உண்மையைக் கரண்டியில அளந்து ஊத்தியிருக்கா."

"சமைக்கிறவங்க அப்படித்தான் ஃபாதர்."

அவர் "மேல எழுதுங்க, பார்ப்போம்" என்றார். கதை என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரல் அது. இறையியல் கேள்வியை நான் தீர்க்கவில்லை, தள்ளித்தான் வைத்தேன்.

7

பாடசாலை மண்டபத்தில் எல்லோரும் தலை துவட்டினார்கள். சவேரியாரை ஆசிரியர் மேசையில் வைத்தார்கள். சிலுவையைக் கரும்பலகையில் சாய்த்தார்கள். சோறு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. த்ரீவீலில் ஆடிய ஆட்டத்தில் கறி பாதி தினேசின் சீட்டுக்குப் போயிருந்தது. பசியில் யாரும் குறை சொல்லவில்லை. மரியகொரட்டி அகப்பையோடு நின்று தட்டு தட்டாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஒரு தட்டு மிஞ்சியது.

"வேலாயக்கா எங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவனியின் வாலில் வந்தவளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு தப்புக்காரர். "பாலத்துக்கிட்ட நின்னுச்சு. ஆடு கட்டிப் போட்டபடி கெடக்குதுன்னுச்சு. திரும்பிப் போயிருக்கும்."

மரியகொரட்டியின் கையிலிருந்த அகப்பை அண்டாவுக்குள் விழுந்தது. எல்லோரையும் நகர்த்தியவள், மேல் கோடி அறைக்காரியை மறந்திருந்தாள். கதவு சாத்த மாட்டேன் என்றது அவள் அறையில்தான். அதைப் போய்ப் பார்த்தவளும் இவள்தான்.

"நான் போறேன்" என்றாள். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த மண்டபத்தில் நிஜமாகவே பயம் வந்தது. இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் நடுவில் வந்து உட்கார்ந்தது. சேவலோடு லயத்திலேயே இருப்பேன் என்ற முருகையாவே, "அங்க யாரும் போகாதீங்க" என்றார். உடனே, "யாராவது போய்த்தானே ஆகணும்" என்றும் அவரே சொன்னார். கயிறு வேண்டும் என்றார் ஒருவர். கிராம சேவகருக்கு ஃபோன் போட வேண்டும் என்றார் இன்னொருவர். எல்லாம் நல்ல யோசனைகள். ஒவ்வொன்றையும் எடுத்து, எல்லாப் பக்கமும் பார்த்தார்கள்.

"உபதேசியார் என்ன சொல்றாரு?" என்று யாரோ கேட்டார்.

உபதேசியார் அங்கே இல்லை. சிலுவை மட்டும் கரும்பலகையில் சாய்ந்தபடி இருந்தது.

[இங்கே நான் வாசகருக்கு ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன்: 'அவருடைய முகத்தில் ஒரு தெய்வீகத் தெளிவு—' நான் அங்கே இல்லை. முகத்தில் பாதி மழிக்காமல் இருந்தது என்பது மட்டும் உறுதி.]

அவர் பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, லயத்துக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதை வேலாயியே எனக்குச் சொன்னாள்:

"நான் இஸ்தோப்புல உக்காந்திருந்தேன் மிஸ். வந்தாரு. இவரு இப்ப ஒரு மணி நேரம் புத்தி சொல்லப் போறாருன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை பேசல. ஆட்டோட கயிற அவுத்தாரு, ஆட்டத் தூக்கித் தோள்ல போட்டாரு, எறங்கிட்டாரு. 'என் ஆட்ட எங்க கொண்டு போறீங்க'ன்னு கத்திக்கிட்டே நானும் பின்னாடி ஓடினேன். ஸ்கூல் வரைக்கும் கத்துனேன்."

அவள் கத்தியது மண்டபத்துக்கு முதலில் கேட்டது. பிறகு ஆட்டின் சத்தம். பிறகு சேற்றில் முக்கி எடுத்தது போல சிங்கராயர் வாசலில் நின்றார்.

சந்தோஷத்தில் எல்லோரும் எழுந்தார்கள். மரியகொரட்டி மட்டும் நேரே கணவரிடம் போனாள்.

"புத்தி இருக்கா உங்களுக்கு? யார்கிட்டயாவது சொன்னீங்களா? மேல ஏறும்போது சரிஞ்சிருந்தா? கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

மடுல்சீமைப் பாதை முழுக்க விவேகி என்று பெயரெடுத்த மனிதர், தோளில் ஆட்டோடு, தலையைக் குனிந்து நின்றார். அவள் திட்டிக்கொண்டே முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள். மழிக்காத பாதியில் அப்பியிருந்த சேறு அப்போதுதான் போனது. அவள் அழுதாள் என்று வேலாயி சொல்கிறாள். மழை என்கிறார் சிங்கராயர். மண்டபத்துக்குள் மழை பெய்யவில்லை.

எனக்கு அவர் தந்த விளக்கம் இது: "யோசிக்கலாம்னுதான் மிஸ் கெளம்பினேன். போற வழியில யோசிச்சுக்கலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள லயம் வந்துருச்சு." இதைச் சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் வாழ்நாளில் செய்த ஒரே அவசரக் காரியத்தை நான் எழுதாமல் விட்டால் நல்லது என்றார். மருந்துக்கடைக் கதையைப் பெரிதாகப் போடச் சொன்னார்.

8

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர் மலையில் ஒரு சத்தம் கேட்கிறது. லயம் இருந்த இடத்தில் செம்மண் இருக்கிறது. கோயிலின் தகரம் தேயிலைக்குள் கிடக்கிறது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். மரியகொரட்டிக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். முருகையா, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று பேட்டி கொடுக்கிறார்.

இரண்டாம் முடிவில், மலை அப்படியே நிற்கிறது. மறுநாள் எல்லோரும் திரும்பிப் போகிறார்கள். பன்றி வந்து அவரைப் பந்தலைச் சாய்த்திருக்கிறது. வேலாயியின் கதவு வெயிலில் காய்ந்து நன்றாகச் சாத்துகிறது. மரியகொரட்டிக்கு 'சவேரியாரக் கடத்திட்டுப் போனவ' என்று பெயர் நிலைக்கிறது. அடுத்த திருநாளில் அண்டாவுக்குக் காவல் போடுகிறார்கள்.

ஃபாதர் ஜெஸ்டின் முதல் முடிவை விரும்புகிறார். "மலருக்கு அதுதான் சரி. விவேகத்துக்குப் பலன் கிடைச்ச மாதிரி இருக்கும்." பக்கத்து மேசைத் தயானிக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, அண்டாவுக்குக் காவல் என்ற இடத்தில் சிரித்துவிட்டாள்.

கடைசியாக மேல் டிவிசன்காரர்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குப் போய் [எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்] மரியகொரட்டியிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்தது எது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டையும் பொறுமையாகக் கேட்டாள்.

"மொதல்ல உள்ளதுல நான் கெட்டிக்காரி" என்றாள்.

"ஆமாங்க."

"ரெண்டாவதுல பைத்தியக்காரி."

"அதுல அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"ரெண்டுலயும் நான் மத்தியானம் செஞ்சது ஒண்ணுதானே மிஸ்?" என்றாள். "வேலாயக்காவ மறந்தது ரெண்டுலயும் இருக்கு. அத ஏன் யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க?"

அதைக் கேட்ட பிறகு இரண்டு முடிவுகளையும் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. எதைப் போட்டாலும் மலைதான் அவளுக்குத் தீர்ப்பு எழுதும். அறநெறி ஆசிரியர்கள் எவரும் விவேகத்தை மலையின் கையில் கொடுத்ததாக நான் வாசிக்கவில்லை.

அதனால் கதையைப் பாடசாலையிலேயே விட்டுவிடுகிறேன். நடந்தவற்றில் நான் உங்களுக்குத் தரும் கடைசித் துண்டு இது.

பின்னேரம். மழை சற்று விட்டிருக்கிறது. எதிர் மலை முழுவதையும் பனி மூடியிருக்கிறது. லயம் தெரியவில்லை, ஃபெக்டரி தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. சேவலை மடியில் வைத்துக்கொண்டு முருகையா தூங்குகிறார். ஆடு, வேலாயியின் தட்டில் வாய் வைக்கிறது. சிங்கராயர் ஜன்னலருகே நின்று பனிக்குள் உற்று உற்றுப் பார்க்கிறார்.

"ஏங்க, அங்க என்ன பார்த்துக்கிட்டு?" என்கிறாள் மரியகொரட்டி. "வந்து சாப்பிடுங்க. நீங்க இன்னும் சாப்பிடல."

அவர் வந்து உட்காருகிறார். அவள் சோறு போடுகிறாள், அடிப்பிடிக்காத பக்கமாகப் பார்த்து.

வாசகரே, அவள் செய்தது சரியா? அவர் செய்தது சரியா? பனி விலகுவதற்குள் சொல்லிவிடுங்கள். விலகிய பிறகு யாராலும் சொல்லிவிட முடியும்.